ஒரே கப்பலில் இரண்டு ஹாரியட்டுகள்: உடுவிலிலிருந்து சித்தூர் வரை

சற்று நீண்ட பதிவு. மொழியியலும் வரலாறும் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1819ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘இண்டஸ்’ என்னும் பாய்மரக் கப்பல் கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பணிபுரிய அமெரிக்க மிஷன் அனுப்பிய நான்கு இணையர் அதில் இருந்தனர். மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்போல்டிங், ஹென்றி உட்வர்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர் எனக் கணவர்கள் நால்வரின் பெயர்களை எந்த மிஷன் வரலாற்று நூலைத் திறந்தாலும் காணலாம். மனைவியர் நால்வருக்கும் அந்நூல்கள் பெரும்பாலும் வழங்குவது ‘திருமதி’ என்ற முன்னொட்டை மட்டுமே. அந்த நால்வரில் இருவர் பெயர் ஹாரியட். ஒருவர் ஹாரியட் லாத்ராப் வின்ஸ்லோ. மற்றவர் ஹாரியட் வாட்டர்பரி ஸ்கடர். ஒருவரின் வழித்தோன்றல்கள் வாஷிங்டனில் அமெரிக்க அரசின் உச்சப் பதவிகளுக்குச் சென்றனர். மற்றவரின் வழித்தோன்றல்கள் சித்தூர், ஆர்க்காடு, இராணிப்பேட்டை, வேலூர் எனப் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் முழுவதும் பரவினர்.

இவ்விரு பெண்களின் குடும்ப வழியைத் தேடுவது எப்படி, அத்தேடலில் பெயர்கள் எவ்வாறு உதவுகின்றன, எவ்வாறு மறைக்கின்றன என்பதே இப்பதிவின் பொருள்.

நான் எழுதுவது சூளூர்பேட்டையிலிருந்து. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022இல் திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. வடக்கே நெல்லூரில் 1840 முதல் அமெரிக்க பாப்டிஸ்டுகள். மேற்கே சித்தூரிலும் பலமநேரிலும் மதனப்பள்ளியிலும் ஆர்க்காட்டு மிஷனின் அமெரிக்கர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்கள் இப்பகுதிக்குப் புதியவர்கள் அல்லர். ஆயினும் அவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் நேரே 1900க்கும் ஐடா ஸ்கடருக்கும் சென்றுவிடுகிறோம். அவருடைய பாட்டி யார் என்று கேட்பவர் குறைவு.

முதலில் வின்ஸ்லோ. தமிழாய்வில் ஈடுபட்டோருள் 1862இல் சென்னையில் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதியைப் புரட்டாதவர் அரியர். அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பெருநூலால் வின்ஸ்லோ என்ற பெயர் நமக்கு ஓர் ஆண்மகனின் பெயராக நிலைத்துவிட்டது. ‘திருமதி வின்ஸ்லோ’ யார் என்று கேட்டால் விடை சிக்கலாகிறது. மைரன் வின்ஸ்லோ ஐந்து முறை மணம் புரிந்தவர். 1819 முதல் 1833 வரை திருமதி வின்ஸ்லோ என்றால் ஹாரியட் லாத்ராப். 1835 முதல் 1837 வரை கேத்தரின் வாட்டர்பரி கார்மன். 1838 முதல் 1843 வரை ஆன் ஸ்பியர்ஸ். 1845 முதல் 1852 வரை மேரி பில்லிங்ஸ் டுவைட். 1857க்குப் பின் எலன் அகஸ்டா ரீட். முதல் நால்வரும் கணவர் உயிரோடிருக்கும்போதே இறந்தவர்கள்.

மொழியியல் மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கலாம். ‘நான்’, ‘இங்கே’, ‘இன்று’ போன்ற சொற்களின் சுட்டுப்பொருள் பேசுபவரையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்து மாறும் என்று வகுப்பில் படிக்கிறோம். ‘திருமதி வின்ஸ்லோ’ என்ற தொடரும் நடைமுறையில் அத்தகையதே. கடிதத்தின் தேதி தெரியாமல் அது யாரைக் குறிக்கிறது என்று சொல்ல இயலாது. மிஷன் இதழ்களிலிருந்து ஒரு வரியை எடுத்து, தேதியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டினால் ஐந்து பெண்களின் வாழ்க்கை ஒன்றாகக் குழம்பிவிடும். உடுவில் பள்ளியைத் தொடங்கியவரும் சென்னையில் வின்ஸ்லோவுடன் வாழ்ந்தவரும் ஒருவரே என்று எண்ணும் குழப்பம் இவ்வாறுதான் பிறக்கிறது.

ஹாரியட் வாட்ஸ்வொர்த் லாத்ராப் 1796 ஏப்ரல் 9 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் லாத்ராப். தாய் ஜோவானா லெஃபிங்வெல். இரண்டும் அந்நகரின் பழங்குடும்பங்கள். தந்தைவழியைப் பின்தொடர்வது மிக எளிது. இ. பி. ஹண்டிங்டன் தொகுத்த லாத்ராப் குடும்ப வரலாறு 1884இல் அச்சாகிவிட்டது. குடும்பத்தின் மூதாதை ஜான் லாத்ராப், இங்கிலாந்துத் திருச்சபையின் ஆணைக்கு அடங்காமல் தனிச்சபை நடத்தியதற்காக இலண்டனில் சிறையிருந்து, 1634இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய போதகர். அவருடைய பெயரையே லோத்ராப், லாத்ராப் என்று பல எழுத்துக்கூட்டல்களில் காணலாம். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு வகையாகவும் தம்பி வேறொரு வகையாகவும் கையெழுத்திட்ட காலம் அது. எழுத்துக்கூட்டல் நிலைபெறாத ஒரு காலத்தின் பெயரை இன்றைய எழுத்துமுறையில் மட்டும் தேடினால் பாதித் தரவு கைநழுவும்.

அச்சான குடும்ப வரலாறு, ஊர்ப் பதிவேடு, தேவாலயப் பதிவேடு, கல்லறைக் கல்வெட்டு எனப் புது இங்கிலாந்துப் பகுதியின் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இருநூறு ஆண்டுத் தொடர் சான்று இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் உடுவிலுக்கு வரும்போது தேவைப்படும்.

1819 ஜனவரியில் ஹாரியட்டுக்கும் மைரன் வின்ஸ்லோவுக்கும் திருமணம். ஐந்தாம் மாதம் கப்பல். யாழ்ப்பாணம் சேர்ந்ததும் அவர்களுக்கு அமைந்த இடம் உடுவில். 1824இல் அங்கே பெண்களுக்கான உறைவிடப் பள்ளியை ஹாரியட் தொடங்கினார். ஆசியாவின் முதற் பெண்கள் உறைவிடப் பள்ளிகளுள் ஒன்றாகச் சொல்லப்படும் அப்பள்ளி இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக நடைபெறுகிறது. அக்காலத்தில் பெண்பிள்ளையை வீட்டுக்கு வெளியே தங்கிப் படிக்க அனுப்பும் யாழ்ப்பாணக் குடும்பங்கள் அரியன. உணவும் உடையும் தந்ததோடு, படிப்பை முடித்துக் கிறித்தவரை மணக்கும் மாணவிக்குச் சீதனமும் பள்ளியே கொடுத்தது. சீர்திருத்தம் பேச வந்தவர்கள் சீதனம் கொடுத்தார்கள் என்பது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். என் பார்வையில், ஹாரியட்டும் அவர் உடனுழைத்தவர்களும் யாழ்ப்பாணச் சமூகத்தின் உறவுமுறைக் கணக்கை எவ்வளவு விரைவில் புரிந்துகொண்டனர் என்பதற்கு அதுவே சான்று.

1833 ஜனவரி 14 அன்று ஹாரியட் உடுவிலில் இறந்தார். வயது 36. அவருடைய மூத்த மகன் சார்லஸ் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கே இறந்திருந்தான். மகனின் முழுப்பெயர் சார்லஸ் லாத்ராப் வின்ஸ்லோ. அதாவது தாய்வழிப் பாட்டனின் பெயர் முழுமையாக அப்படியே பேரனுக்கு. தந்தையின் குடும்பப் பெயர் கடைசியில் ஒட்டு.

இங்கேதான் ஒரு வழி திறக்கிறது. அமெரிக்கச் சீர்திருத்தச் சபைக் குடும்பங்களில் மணமானதும் பெண் தன் குடும்பப் பெயரை இழக்கிறாள். ஆனால் அப்பெயர் முற்றாக அழிவதில்லை. அவள் பிள்ளைகளின் நடுப்பெயராக மீண்டும் தலைகாட்டுகிறது. எனவே ஒரு பெண்ணின் பிறந்தகத்தை அறிய வேண்டுமானால் அவளுடைய மகன்களின் நடுப்பெயர்களை வரிசையாக எழுதிப் பார்ப்பதே முதல் வேலை. நம் தமிழ்த் தலையெழுத்து முறையில் இதற்கு வழியில்லை; அங்கே தந்தையின் பெயர் மட்டுமே நிற்கும். தெலுங்கின் ‘இண்ட்டிபேரு’ எனப்படும் வீட்டுப்பெயர் முறையிலும் மணமான பெண் கணவனின் வீட்டுப்பெயருக்கு மாறிவிடுகிறாள். பிறந்த வீட்டின் பெயர் பிள்ளைகளிடம் வருவதில்லை. இரு முறைகளும் ஒரே தெருவில் வழங்கும் சூளூர்பேட்டை போன்ற ஊரில் வாழ்பவருக்கு இவ்வேறுபாடு கண்கூடு.

இம்முறையை இரண்டாம் ஹாரியட்டின் பிள்ளைகளிடம் பொருத்திப் பார்ப்போம். மகன்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம் வாட்டர்பரி, ஜோசப், எசேக்கியேல் கார்மன், ஜாரெட் வாட்டர்பரி, சைலஸ் டவுனர், ஜான். படிக்கும் பருவத்திலேயே இறந்த சாமுவேல் இன்னொருவர். ஹென்றி மார்ட்டின் என்பது வட இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலப் போதகர் ஒருவரின் பெயர். அது பக்தியால் இட்ட பெயர், உறவால் அன்று. வாட்டர்பரி இருமுறை வருகிறது. அது தாயின் குடும்பப் பெயர். ஜாரெட் வாட்டர்பரி என்பது தாய்மாமனின் பெயர். அந்த மாமன்தான் பின்னாளில் மருத்துவர் ஜான் ஸ்கடரின் வாழ்க்கை வரலாற்றை 1870இல் எழுதி வெளியிட்டவர். தாய்மாமன் உறவின் கனம் தமிழரான நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எஞ்சுவது ‘கார்மன்’. மேலே தந்த பட்டியலுக்கு ஒருமுறை திரும்புங்கள். வின்ஸ்லோவின் இரண்டாம் மனைவி கேத்தரின் வாட்டர்பரி கார்மன். பிறந்தகப் பெயர் வாட்டர்பரி. முதற்கணவர் வழிப் பெயர் கார்மன். ஹாரியட் ஸ்கடர் தம் மகனுக்குக் கார்மன் என்று பெயரிட்டது 1820களின் பிற்பகுதியில். அப்பெண் வின்ஸ்லோவை மணந்தது 1835இல். வாட்டர்பரியும் கார்மனும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து நிற்பது தற்செயல் என்று கொள்வது கடினம். கேத்தரின் ஹாரியட் ஸ்கடரின் உடன்பிறந்தவர் என்பதையே இப்பெயர்கள் சுட்டுகின்றன.

அப்படியானால் 1835க்குப் பின் வின்ஸ்லோவும் ஸ்கடரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு? தமிழில் சகலை, தெலுங்கில் தோடல்லுடு. ஆங்கிலத்தில் இதற்குத் தனிச்சொல் இல்லை. மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், மனைவியின் சகோதரியின் கணவன் ஆகிய மூவருக்கும் அம்மொழி ஒரே தொடரையே வழங்குகிறது. போதாக்குறைக்கு மிஷன் கடிதங்களில் உடன் பணியாளர் எல்லோரையும் ‘சகோதரர்’ என்று அழைக்கும் மரபு வேறு. சபை உறவும் இரத்த உறவும் மண உறவும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. 1836இல் வின்ஸ்லோவும் ஸ்கடரும் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்கு வந்து அமெரிக்க மிஷனின் சென்னை நிலையத்தையும் அச்சகத்தையும் தொடங்கியதை வரலாற்று நூல்கள் நிறுவனத்தின் முடிவாக மட்டுமே எழுதுகின்றன. அது சகலைகள் இருவர் சேர்ந்து மேற்கொண்ட குடிப்பெயர்வும் ஆகும். தமிழின் உறவுச்சொல்லை வைத்துக்கொண்டு படித்தால்தான் அது கண்ணில் படுகிறது.

லாத்ராப் குடும்பத்திலும் இதே வலைப்பின்னல். ஹாரியட்டின் தங்கையர் மூவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். எலிசபெத், சாமுவேல் ஹட்சிங்ஸின் மனைவி; ஹாரியட் ஜோவானா, ஜான் பெரியின் மனைவி; சார்லட், ஹென்றி செரியின் மனைவி. மூத்தவள் பெயரில் ஹாரியட், இளையவள் ஒருத்தியின் பெயரிலும் ஹாரியட். இளையவளுக்குத் தாயின் பெயரான ஜோவானாவும் சேர்ந்திருக்கிறது. குடும்ப மரம் வரைபவரைத் திணறடிக்கும் வழக்கம் இது.

ஆனால் அக்காளும் தங்கையரும் யாழ்ப்பாணத்தில் ஒருவரையொருவர் காணவேயில்லை. காரணம் அரசியல். இலங்கையின் ஆங்கிலேய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820 முதல் புதிய அமெரிக்க மிஷனரிகள் வருவதைத் தடுத்தார். அச்சு வேலைக்கென அனுப்பப்பட்ட ஜேம்ஸ் காரெட்டையே தீவை விட்டு வெளியேறச் செய்தார். அத்தடை ஏறத்தாழ 1833 வரை நீடித்தது. முதல் தங்கை வந்து இறங்கியபோது அக்காள் இறந்து மாதங்கள் கடந்திருந்தன. அதே 1833இல் நிறைவேறிய கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயச் சட்டமே அமெரிக்கர் சென்னையில் தடையின்றிக் குடியேறவும் வழி செய்தது. ஒரு குடும்பத்தின் பிரிவும் சேர்க்கையும் அரசாணைகளின் தேதிகளைத் தொடர்ந்தே நடந்திருக்கின்றன. குடும்ப வரலாறு எழுதுவோர் பிறப்பு இறப்புத் தேதிகளோடு சட்டங்களின் தேதிகளையும் ஒரு பத்தியில் எழுதிவைத்துக்கொள்வது நலம்.

1837ஆம் ஆண்டு இவ்விரு குடும்பப் பெண்களுக்கும் கொடியதாக அமைந்தது. மார்ச் மாதத்தில் ஹாரியட் ஜோவானாவும் அவருடைய கணவரும் காலராவில் இறந்தனர். அதே ஆண்டில் சார்லட்டும் இறந்தார். செப்டம்பரில் கேத்தரின். லாத்ராப் சகோதரியர் நால்வரில் எஞ்சியவர் எலிசபெத் மட்டுமே.

எலிசபெத்தின் கணவர் ஹட்சிங்ஸ் தமிழறிஞர்களுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். நைட்டும் ஸ்போல்டிங்கும் உருவாக்கிய ஆங்கில–தமிழ் அகராதியைத் திருத்திப் பதிப்பித்தவர் அவர். ஆக நார்விச் நகரத்து ஒரு வீட்டின் மருமகன்கள் இருவர், அதாவது சகலைகள் இருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகராதிப் பணியின் இரு பெரு முயற்சிகளில் பங்கேற்றிருக்கின்றனர். அகராதிகளின் முகப்பில் அவர்களுடைய பெயர்கள் உண்டு. வின்ஸ்லோவுக்குத் தமிழ் கற்பித்த இராமாநுசக் கவிராயர் போன்ற புலவர்களின் பெயர்களும் ஒருவாறு நினைவுகூரப்படுகின்றன. அவ்விரு ஆண்களை ஒரே குடும்பமாக இணைத்த பெண்களின் பெயர் அங்கே வருவதற்கு இடமே இல்லை.

ஹாரியட் வின்ஸ்லோவின் மகள் ஒருத்தி பெயரும் ஹாரியட் லாத்ராப் வின்ஸ்லோ. யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர் பின்னர் ஜான் வெல்ஷ் டல்லஸ் என்னும் போதகரை மணந்து சென்னையில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். டல்லஸ் அமெரிக்கா திரும்பிய பின் சென்னை, நீலகிரி, கல்கத்தா வாழ்க்கை பற்றி ஒரு நூலும் எழுதினார். அவர்களுடைய மகன் ஆலன் மேசி டல்லஸ். அவருடைய மக்கள் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், ஆலன் வெல்ஷ் டல்லஸ், எலினர் லான்சிங் டல்லஸ் முதலியோர். முன்னவர் 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவுச் செயலர். அடுத்தவர் 1953 முதல் 1961 வரை நடுவண் உளவு முகமையான சி.ஐ.ஏ.வின் தலைவர். எலினர் வெளியுறவுத் துறையில் பணியாற்றிய பொருளியலறிஞர். 1953 மே மாதத்தில் தில்லிக்கு வந்து நேருவைச் சந்தித்த வெளியுறவுச் செயலர், உடுவிலில் புதைக்கப்பட்ட பெண்ணின் கொள்ளுப்பேரன். பனிப்போரின் அணிசேராமை விவாதங்களைப் படிக்கும் நம் மாணவர்களுக்கு இது ஒரு துணுக்குச் செய்தியாகத் தோன்றலாம். இதிலிருந்து பெரிய முடிவுகளை வரைய நான் தயங்குகிறேன். பாட்டியின் சமயப்பணியில் கொள்ளுப்பேரனின் வெளியுறவுக் கொள்கைக்கு வேர் தேடும் எழுத்துகள் எனக்கு உவப்பானவை அல்ல. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த வழி முழுவதும் பெண்வழியாகத் தொடங்குவதால், டல்லஸ் என்ற பெயரை மட்டும் பிடித்துப் பின்னோக்கிச் சென்றால் யாழ்ப்பாணம் வராது. வின்ஸ்லோவும் வாராது, லாத்ராப்பும் வாராது. தாய்களின் வழியே நடந்தால் மட்டுமே உடுவிலை அடையலாம்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

ஹாரியட் வாட்டர்பரி ஸ்கடரின் கதை கப்பலுக்கு முன்பே தொடங்குகிறது. நியூயார்க்கில் மருத்துவராயிருந்த ஜான் ஸ்கடர், நோயாளி ஒருவரைக் காணச் சென்ற வீட்டில் ஒரு சிறுநூலைப் படித்து மனம் மாறினார் என்பது பலரும் சொல்லும் செய்தி. அச்சிறுநூலின் ஆசிரியர் இருவருள் ஒருவர் சாமுவேல் நியூவெல். அவருடைய மனைவியின் பெயரும் ஹாரியட். 1812இல் தம் பத்தொன்பதாம் வயதில் மொரீசியசில் இறந்த ஹாரியட் நியூவெலின் நினைவு நூல் அமெரிக்கப் பெண்கள் கையில் பல்லாண்டு புழங்கியது. அதனால் 1812க்குப் பின் புது இங்கிலாந்தில் பிறந்த ஹாரியட்டுகளில் எத்தனைப் பேர் பாட்டியின் பெயரைப் பெற்றவர்கள், எத்தனைப் பேர் நியூவெலின் பெயரைப் பெற்றவர்கள் என்று பிரிப்பது எளிதன்று. நம் கப்பலின் ஹாரியட்டுகள் இருவரும் அதற்கு முன்பே பிறந்தவர்கள். அவர்களின் பெயர் குடும்பப் பெயரே.

ஸ்கடர் இணையர் கைக்குழந்தையோடு கப்பலேறினர். அக்குழந்தை கல்கத்தாவில் இறந்தது. பின்னர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பதினாறு ஆண்டுகள். அதன் பின் சென்னை. 1849 நவம்பரில் ஹாரியட் சென்னையில் இறந்தார். மகன்கள் எழுவர் தென்னிந்தியாவில் பணியாற்றினர். 1853இல் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் மூவரும் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனை அமைத்தனர். அதன் தொடக்ககால நிலையங்களுள் ஒன்று சித்தூர். 1911இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர்தான் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் என்பதை நினைத்தால் அத்தேர்வு விளங்கும். சைலஸ் 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். இளையவர் ஜானின் மனைவி சோஃபியா வெல்ட். அவர்களுடைய மகள் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா சோஃபியா; நடுப்பெயர் தாயின் பெயர். வேலூரில் 1900இல் அவர் தொடங்கிய சிறு மருத்துவப்பணியும் 1918இல் பெண்களுக்கென ஏற்படுத்திய மருத்துவப் பள்ளியும் யாவரும் அறிந்தவை. அதே வேலூரில் பின்னர் கதிரியல் மருத்துவராக விளங்கிய அவருடைய சகோதரன் மகளின் பெயரும் ஐடா. ஐடா பெல் ஸ்கடர். வேலூர்ப் பழையவர்கள் இருவரையும் நடுப்பெயரின் முதலெழுத்தைக் கொண்டே பிரித்தறிந்தனர்.

ஓர் எச்சரிக்கை. தென்னிந்தியாவில் ஸ்கடர் என்ற பெயரைக் கண்டதும் எல்லோரையும் இக்குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. மதுரை மிஷனில் இருந்து 1862இல் பெரியகுளம் பகுதியில் ஆற்றில் மூழ்கி இறந்த டேவிட் காயிட் ஸ்கடர் பாஸ்டன் குடும்பத்தவர். மதுரையில் பிறந்து பின்னாளில் வெல்லெஸ்லி கல்லூரிப் பேராசிரியராகிய வைடா டட்டன் ஸ்கடர் அவருடைய மகள். ஐடா, வைடா என ஒலியிலும் நெருங்கிய இரு பெண்கள், இரு குடும்பங்கள்.

ஸ்கடர் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பணிபுரிந்தனர் என்று பெருமையோடு ஒரு கணக்குச் சொல்வார்கள். அக்கணக்கில் கணிசமானவர்கள் மணவழி வந்த பெண்கள். ஆர்க்காட்டு மிஷனில் ஓரகத்திகளாக ஒன்றாக வாழ்ந்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிறந்தகம் இருந்தது. எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளப்பட்ட அளவுக்கு அவர்கள் பெயரோடு எழுதப்படவில்லை.

இவ்வளவும் சான்றுள்ள பக்கத்தின் கதை. அவர்களின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன; குடும்ப வரலாறுகள் அச்சில் உள்ளன; பெயர்கள் மறைந்தாலும் தோண்டினால் கிடைக்கின்றன. ஹாரியட் வின்ஸ்லோவை நாம் அவர் கணவர் 1835இல் வெளியிட்ட நினைவு நூலின் வழியே காண்கிறோம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தவர் கணவர் என்றாலும் கடிதப் பகுதிகளில் அப்பெண்ணின் குரல் இருக்கிறது.

உடுவிலில் அவரிடம் படித்த பெண்களுக்கு என்ன இருக்கிறது? மிஷன் உறைவிடப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளருக்கு அப்பிள்ளைக்குப் பெயர் சூட்டும் உரிமை இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர்கள் பலர் அவ்வாறு பெயர் பெற்றவர்கள். நியாய நூல் எழுதிய சிதம்பரப்பிள்ளை ‘வில்லியம் நெவின்ஸ்’ ஆனார். கனகசபைப்பிள்ளை, மிஷன் வாரியத்தின் செயலரான ‘ஜெரமையா எவார்ட்ஸ்’ பெயரைத் தாங்கினார். விசுவநாதபிள்ளை ‘கரோல்’ ஆனார். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளை ‘ஆர்னால்ட்’. இவர்கள் ஆண்கள், நூல் எழுதியவர்கள், பட்டம் பெற்றவர்கள். இரு பெயர்களையும் சேர்த்தே எழுதினார்கள். எனவே நெவின்ஸ் யார் என்று கேட்டால் சிதம்பரப்பிள்ளையை அடைய முடிகிறது.

உடுவில் மாணவிகளுக்கும் இதே முறைதான். ஆனால் அவர்களுக்குத் தம் இரு பெயர்களையும் சேர்த்து அச்சிலேற்ற ஒரு நூல்முகப்பு வாய்க்கவில்லை. பள்ளியில் கொடையாளரின் பெயர். மணமானபின் இன்னாரின் மனைவி. பின்னர் இன்னாரின் தாய். ஒரு மாணவியைத் தொடங்கிய இடத்தில் பிடித்தால் முடிவு தெரிவதில்லை; முடிந்த இடத்தில் பிடித்தால் தொடக்கம் தெரிவதில்லை. அமெரிக்க மகனின் நடுப்பெயரில் தாயின் பிறந்தகம் ஒளிந்திருப்பது போன்ற ஒரு தடயமும் நம் முறையில் இல்லை. ஆங்கிலத்தில் உறவுச்சொல் குறைவு, பெயர்ச்சான்று மிகுதி. தமிழில் உறவுச்சொல் மிகுதி, பெயர்ச்சான்று குறைவு. எனவே இங்கே வேறு சான்றுகளைத் தேட வேண்டும். திருமுழுக்குப் பதிவேட்டில் பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே எழுதப்பட்டிருக்கும் வாய்ப்பு உண்டு. திருமணப் பதிவேட்டில் தந்தையின் பெயர் கிறித்தவப் பெயராக இல்லாமல் நிற்கும் இடங்கள் கவனத்துக்குரியவை. சீதனம் வழங்கிய கணக்கில் பெண்ணின் பெயரும் கணவனின் பெயரும் ஒரே வரியில் வரக்கூடும். குடும்பப் பயன்பாட்டில் இருந்த விவிலியத்தின் முதற்பக்கத்தில் பிறப்பும் மணமும் எழுதும் வழக்கம் யாழ்ப்பாணத்திலும் உண்டு, வட ஆர்க்காட்டிலும் உண்டு.

சித்தூர், பலமநேர், ஆர்க்காடு, ஆரணி, வேலூர்ப் பகுதிகளில் பழைய மிஷன் சபைக் குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்கள் இப்பதிவைப் படிக்கிறீர்கள் என்று அறிவேன். வீட்டிலுள்ள பழைய தமிழ் விவிலியங்களின் முன்பக்கங்களையும், திருச்சபை அலுவலகம் அனுமதித்தால் 1900க்கு முற்பட்ட பதிவேடுகளையும் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு பெயர்கள் எழுதப்பட்ட வரி எதுவாயினும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு, ஊர், யார் கையெழுத்து, எந்த எழுத்துக்கூட்டல் ஆகியவற்றையும் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் பெயர்களைப் பொதுவெளியில் இட வேண்டாம். எனக்குத் தனிச்செய்தியில் எழுதினால் போதும். எலிசபெத், சார்லட், ஹாரியட், மேரி என்று வெறும் முதற்பெயராக வரும் வரிகளையும் விட்டுவிடாதீர்கள். அருகில் ஒரு தமிழ்ப் பெயர் அடித்தெழுதப்பட்டிருந்தால், எனக்கு வேண்டியது அடிக்கப்பட்ட அந்தப் பெயர்தான்.